பைக் ஃப்ரேமுக்கு முதல் வெல்டிங் மெஷின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பைக் ஃப்ரேம் வேலைக்காக முதன்முதலாக வெல்டிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்தக் கம்பெனி என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்: உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் சர்வீஸ் இருக்கிற கம்பெனி.

அண்ணா, பொள்ளாச்சிங்க. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிருக்கேன். பழைய ஸ்ப்ளெண்டர் ஒண்ணு வாங்கி, பின்னாடி பைப்பை எல்லாம் மாத்திக் கட்டலாம்னு ஆசை. ஆர்க், சிஓடூ, ஆர்கான் மூணுல எதை முதல்ல வாங்கறதுங்க?

ஆர்கான் வாங்குங்கள் தம்பி, அதாவது டிக்: டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரியும், ஆர்கான் காஸ் வெளிக்காற்றுப் படாமல் காக்கும், கம்பியைக் கையால் விட வேண்டும். எச்எஃப் ஸ்டார்ட் (இரும்பைத் தொடாமலே ஆர்க் பற்றும்) உள்ள டிசி இன்வெர்ட்டர், 160 முதல் 200 ஆம்ப்ஸ் வரை போதும். ராடு ஹோல்டரை மாட்டினால் அதே மெஷினில் சாதா ஆர்க்கும் அடிக்கலாம்.

சிஓடூதான் (மிக் என்பதும் இதுதான்) சுலபம், அரை நாளில் கை வந்துவிடும் என்று பட்டறையில் சொல்லியிருப்பார்கள். சுலபம்தான், சிக்கலும் அங்கேதான். ட்ரிக்கரை அழுத்தினால் கம்பி வந்துகொண்டே இருக்கும். அடியில் இருக்கிற இரும்பு உருகினாலும் உருகாவிட்டாலும் மேலே பீடு, அதாவது வெல்டிங் வரி, விழுந்துவிடும். பார்க்க வரிவரியாக அழகாக இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் இது பெரிய குற்றமில்லை. ஃப்ரேம் அப்படியல்ல. குண்டும் குழியுமான ரோட்டில் ஆயிரக்கணக்கான முறை குலுங்கி, பீடின் ஓரத்தில் மயிரிழை விரிசலாக ஆரம்பித்து, ஒருநாள் விட்டுப்போகும்.

டிக்கில் இரண்டு குழாயும் உருகி, குழம்பு ஒன்றாகச் சேர்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இணைப்பை நிரப்புகிற ஃபில்லர் கம்பியை உள்ளே விடுகிறீர்கள். சேரவில்லை என்றால் முன்னால் நகரவே முடியாது. கால் பெடல் இருந்தால் சூட்டை அங்கேயே ஏற்றி இறக்கலாம். 1.6 மி.மீ. சுவர் உள்ள குழாய்க்கு 60, 65 ஆம்ப்ஸ், 2 மி.மீ. என்றால் 80 பக்கம். டங்ஸ்டன் 1.6 மி.மீ., ஃபில்லருக்கு 70எஸ்-2 கம்பி. மெதுவான வேலை. கை வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. நாளைக்கே கிரில் வேலை எடுத்துச் சம்பாதிக்க வேண்டும் என்றிருந்தால் சிஓடூவே வாங்குங்கள். ஆனால் அந்தக் கை பழகும் வரை ஃப்ரேமைத் தொடாதீர்கள்.

எந்த மெஷினாக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். 2 மி.மீ. தகடு இரண்டைக் கிரைண்டரில் தேய்த்து, டி வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பீடு போடுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, பீடு இல்லாத பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து, பீடு இருக்கிற பக்கமாக மடக்குங்கள். தகடு மடங்கி, பீடு விடாமல் நின்றால் நல்லது. பிய்ந்துகொண்டு வந்தால் கீழ்த் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிரைண்டர் ஓட்டிய கோடுகள் அப்படியே தெரிந்தால், அந்த இடத்தில் இரும்பு உருகவே இல்லை. சிஓடூவில் முதல் வாரம் போடுகிற அழகான பீடுகளில் பாதி இப்படித்தான் பல்லைக் காட்டும்.

ஸ்ப்ளெண்டரில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு பால்கேன் கேரியர், ஒரு சாரி கார்டு, ஒரு சைடு ஸ்டாண்டு செய்து பாருங்கள். குழாய்க்குக் குழாய் பொருத்துவதற்கு அரமும் பொறுமையும் வேண்டும். கேப் இல்லாமல் உட்கார்ந்த குழாயைச் சுமாரான வெல்டர்கூட ஒட்டிவிடுவான். விரல் நுழைகிற கேப்பை எந்த மெஷினும் காப்பாற்றாது. கேரியருக்குத் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் வேண்டாம். துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வந்தமாதிரி உடம்பு நடுங்கும்.

தாராபுரம் பக்கம் தோட்டத்து வீடுங்க. சிங்கிள் பேஸ்தான். ராத்திரி எல்லார் மோட்டாரும் ஓடறப்ப வோல்டேஜ் இறங்கிப் போகுது. வீட்டுக் கரண்ட்ல மெஷின் ஓடுமுங்களா?

ஓடும். டிக்கில் 80 ஆம்ப்ஸ் அடிக்கும்போது ஆர்க்கின் வோல்டேஜ் 13 சொச்சம்தான், ஆக ஏறத்தாழ ஒரு கிலோவாட். அதே 80 ஆம்ப்ஸை ராடில் அடித்தால் 23 வோல்ட், கிட்டத்தட்ட இரண்டு கிலோவாட். மெஷினுக்குள் போகிற நஷ்டத்தையும் சேர்த்தால், 230 வோல்ட் லைனிலிருந்து டிக் எட்டு ஆம்ப்ஸ், ராடு 14 ஆம்ப்ஸ் பக்கம் இழுக்கும். மெஷினின் முழு 200 ஆம்ப்ஸையும் நீங்கள் குழாய் வேலையில் தொடப்போவதே இல்லை.

கோளாறு பெரும்பாலும் வயரிங்கில்தான் வரும். ஃபேன் லைட்டுக்கு இழுத்த வயரில் மாட்டாதீர்கள். போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர், தனி எம்சிபி, ஒழுங்கான எர்த். வோல்டேஜ் இறங்கும் இடத்தில், ப்ளஸ் மைனஸ் 15 சதவீதம் தாங்கும் என்று ரேட்டிங் பிளேட்டில் போட்டிருக்கிற மெஷினாகப் பாருங்கள். 195 வோல்ட் வரை இறங்கினாலும் அது ஓடும். அதற்கும் கீழே போனால் பகலில் அடியுங்கள். கிணத்து மோட்டாருக்குக் கொடுத்த இலவச சர்வீஸில் வெல்டிங் மெஷினை மாட்டும் யோசனை மட்டும் வேண்டாம். அது பம்புசெட்டுக்குக் கொடுத்தது, பிடிபட்டால் கேஸ்தான். வீட்டு லைனில் சொந்தப் பழக்கத்துக்கு அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காசு வாங்கி வேலை செய்யத் தொடங்கினால் அதற்குரிய இணைப்புக்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கரூர். டிபன் பாக்ஸ் சைஸுல 400 ஆம்ப்ஸ்னு போட்டு ஆன்லைன்ல மெஷின் விக்கறாங்களே, நம்பலாமா சார்?

மேலே ஒட்டின ஸ்டிக்கரை விடுங்கள், பின்னால் இருக்கிற ரேட்டிங் பிளேட்டைப் படியுங்கள். அதில் டியூட்டி சைக்கிள் என்று ஒரு கணக்கு இருக்கும். 160 ஆம்ப்ஸில் 60 சதவீதம் என்றால், பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் அடிக்கலாம், நாலு நிமிஷம் ஆற விட வேண்டும். அந்தக் கணக்கு எந்தச் சூட்டில் எடுத்தது என்பதையும் பாருங்கள். நல்ல கம்பெனிகள் 40 டிகிரியில் எடுத்ததாகப் போடுவார்கள். சித்திரை மாதம் கரூர் பரமத்தியில் தகரக் கொட்டகைக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிளேட்டே இல்லாத மெஷினை வாங்காதீர்கள்.

திருச்செங்கோடுங்கண்ணா. மாமா போர்வெல் ரிக் வண்டிப் பட்டறை வெச்சிருக்கார். அவருகிட்ட பழைய ஆயில் கூல்டு ஆர்க் செட் சும்மா கிடக்குது. அதை வெச்சே பைக் வேலையும் பாக்கலாமில்லீங்களா?

ரிக் வண்டிக்கு அது ராஜா. பைக் குழாய்க்கு ஆகாது. அந்த செட் கனத்த தகட்டுக்காகச் செய்தது, ஆம்ப்ஸைக் கீழே இறக்கினால் ஆர்க் நிலைக்காமல் அணைந்து அணைந்து போகும். 6013 ராடில் 2.5 மி.மீ. வாங்கினாலும் 60 முதல் 90 ஆம்ப்ஸ் கேட்கும், 1.6 மி.மீ. குழாயில் கண் இமைக்கும் முன்னே ஓட்டை. காசு செலவில்லாமல் பழக வேண்டுமென்றால் மாமாவின் பட்டறையிலேயே 5, 6 மி.மீ. தகட்டில் ராடு ஓட்டிப் பழகுங்கள். ஆர்க் தூரம் பிடிக்கிற கை அங்கே வந்துவிட்டால் டிக்குக்கும் உதவும்.

பல்லடம். காஸ் இல்லாம ஓடுற மிக் மெஷின் வாங்கினா சிலிண்டர் செலவு மிச்சம்னு சொல்றாங்க. சரிங்களா? ஆர்கான் சிலிண்டர் ஒண்ணு எவ்வளவு நாள் வருங்க?

சிலிண்டர் செலவு மிச்சம், கிரைண்டர் சக்கரச் செலவு அதிகம். காஸுக்குப் பதிலாகப் பீடைக் காக்கிற மருந்து கம்பிக்குள்ளேயே இருப்பதால் பொறி தெறிக்கும், கசடு தட்ட வேண்டும், மெல்லிய குழாயில் சூடும் கூடுதலாக விழும். ஃப்ரேமுக்கு என் ஓட்டு அதற்கு இல்லை.

ஆனால் உங்கள் ஊருக்கு அதில் ஒரு நியாயம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலை பக்கமெல்லாம் காற்றாலை சுற்றுகிற அளவுக்கு அடிக்கிறது. ஆடிக்காத்தில் அம்மியே பறக்கும்போது ஆர்கான் எம்மாத்திரம்? காஸ் விலகினால் பீடில் குண்டூசி குத்தினதுபோல ஓட்டை ஓட்டையாக வரும். அதற்காகக் காஸைக் கூட்டி வைக்காதீர்கள், அளவுக்கு மீறினால் அது சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். டிக்குக்கு நிமிஷத்துக்கு 6 முதல் 10 லிட்டர், மிக்குக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்குப் பக்கக் கதவைச் சாத்தி, படுதா கட்டிக்கொண்டு அடியுங்கள்.

சிலிண்டர் கணக்கும் கேட்டிருந்தீர்கள். 7 கனமீட்டர் பெரிய சிலிண்டர் என்றால் 7,000 லிட்டர். நிமிஷத்துக்கு 8 லிட்டர் வீதம் விட்டால் 14 மணி நேரத்துக்கு மேல் ஆர்க் அடிக்கலாம். பழகுகிறவருக்கு அது பல மாதம் வரும். டிக்குக்குச் சுத்த ஆர்கான் மட்டுமே. சிஓடூ கலந்த காஸை மாட்டினால் டங்ஸ்டன் கருகிவிடும்.

ஈரோடு. அப்பாவோட பழைய புல்லட். காஸ் தீயில பித்தளை வெச்சு ஒட்டினாலே போதும்னு எங்க ஊர் மெக்கானிக் சொல்றார். பழைய முறையாச்சே, தாங்குங்களா?

பழைய முறை என்பதால் குறைவான முறை ஆகாது. 1950இல் வந்த நார்ட்டன் ரேஸ் பைக்கின் ஃபெதர்பெட் ஃப்ரேம், ரெனால்ட்ஸ் 531 என்ற மாங்கனீஸ்-மாலிப்டினம் குழாயைப் பித்தளைக் கலவைக் கம்பியால் காஸ் தீயில் ஒட்டிச் செய்ததுதான். குழாயை உருக்காமல் ஒட்டுவதால் அதன் பலம் அவ்வளவாகக் கெடாது. அந்தக் காலத்து இங்கிலீஷ் பைக்குகள் பலவற்றில் குழாயை வார்ப்பு முனைக்குள் சொருகிப் பித்தளை ஓட விட்டிருப்பார்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. பெயிண்டைச் சுரண்டிவிட்டு அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் அந்த ஜாயிண்டில் ஆர்க், சிஓடூ, டிக் எதையும் அடிக்கக் கூடாது. உருகிய பித்தளை இரும்பின் உள்மணிகளுக்கு இடையே புகுந்து அங்கேயே விரிசலை உண்டாக்கும். பித்தளை ஜாயிண்டுக்குப் பித்தளை வேலைதான். உங்கள் மெக்கானிக் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், அவரிடமே கொடுங்கள்.

கோபிங்க. ஹேண்டில் பார் கழுத்துக்குக் கீழே ஃப்ரேம்ல விரிசல். புது மெஷின் வந்ததும் நானே அடிச்சுக்கலாமுங்களா?

வேண்டாம். வண்டியின் முன்சக்கரம் முழுக்கத் தொங்குவது அந்த இடத்தில்தான். ஏன் விரிசல் விட்டது என்று தெரியாமல் மேலே பீடு ஓட்டினால், பீடுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும். விபத்தில் வளைந்திருந்தால் ஃப்ரேமையே மாற்றுவதுதான் வழி. இல்லையென்றால் அனுபவசாலி ஒருவர் விரிசலின் இரு முனையிலும் ஓட்டை போட்டு நிறுத்தி, முழு ஆழத்துக்கும் தேய்த்து எடுத்துவிட்டு அடிக்க வேண்டும். சேசிஸ் நம்பர் பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான் அடித்திருக்கும், அதன் மேல் கிரைண்டர் பட்டால் ஆர்டிஓ ஆபீஸில் பதில் சொல்லி மாளாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் கேட்டிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பொள்ளாச்சித் தம்பியும் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

மெஷினை எந்த வண்டியில் பிடித்தாலும் முதலில் பேட்டரியையும், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியுவையும் கழற்றுங்கள். டேங்கைக் கழற்றி அடுத்த அறைக்குக் கொண்டுபோங்கள். காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே நிற்பது ஆவி. எர்த் கிளாம்பை அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். சக்கரத்தில் மாட்டிவிட்டுக் கழுத்தில் அடித்தால் கரண்ட் பேரிங் வழியாகப் போய்க் குண்டுகளில் பள்ளம் போட்டுவிடும். பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயால் துடைத்த இடத்தில் ஆர்க் அடிக்கவே வேண்டாம். அதில் குளோரின் சேர்ந்த வகை இருந்தால் வருகிற புகை உயிருக்கே ஆபத்து.

அவிநாசியிலிருந்து ஒரு அம்மா. பையன் பகலெல்லாம் வெல்டிங் பழகறான், ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி துடிக்கிறான். தாய்ப்பால் விடச் சொல்றாங்க, உருளைக்கிழங்கு வெக்கச் சொல்றாங்க.

இரண்டும் வேண்டாங்க அம்மா. ஆர்க்கின் புற ஊதா ஒளி கண்ணின் மேல்தோலைச் சுட்டிருக்கிறது, அதனால்தான் சில மணி நேரம் கழித்துத் தெரிகிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும், ஆனாலும் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மரத்துப்போகிற சொட்டு மருந்தைக் கடையில் வாங்கித் திரும்பத் திரும்ப விடக் கூடாது. பையன் டேக் (துண்டுகளைப் பிடித்து நிறுத்தப் போடுகிற சின்னப் பொட்டு) போடும்போது ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறான் என்று நினைக்கிறேன், எல்லோரும் செய்கிற வேலைதான் அது. தானாகக் கறுக்கிற ஹெல்மெட் ஒன்று வாங்கிக் கொடுங்கள், 9 முதல் 11 வரை ஷேடு மாற்றுகிற மாதிரி. முழுக்கைப் பருத்திச் சட்டையும் போடச் சொல்லுங்கள், பாலியெஸ்டர் பனியன் உருகி உடம்பில் ஒட்டும்.

பீளமேட்டில் காலேஜ் படிக்கிறோம். செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்குக்கு வண்டி செய்கிறோம். குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) குழாயை இதே டிக் மெஷினில் அடிக்கலாமா?

அடிக்கலாம். 4130 என்கிற குரோமோலி குழாயின் சுவர் 3 மி.மீ.க்கு உட்பட்டால் பொதுவாக முன்சூடு தேவையில்லை, குளிர்ந்து கிடக்காமல் அறைச் சூட்டில் இருந்தால் சரி. ஃபில்லர் 70எஸ்-2 போதும், போட்டி விதி வேறு சொன்னால் விதிப்படி. அடித்ததும் தண்ணீர் ஊற்றியோ காற்றடித்தோ ஆற்றாதீர்கள், கண்ணாடி மாதிரி உடையும். முழு ஃப்ரேமையும் ஜிக்கில் (குழாய்களை அசையாமல் பிடிக்கிற சட்டம்) டேக் போட்டு, எதிரெதிர் பக்கமாக மாற்றி மாற்றி அடியுங்கள், இல்லையென்றால் வெல்டிங் ஒரு பக்கம் இழுத்துவிடும்.

திருப்பூர். பின்சக்கரத்தைப் பிடிக்கிற அலுமினிய ஸ்விங் ஆர்முக்கும் இதே டிசி மெஷின் ஆகுமா?

ஆகாது. அதற்கு ஏசி டிக் வேண்டும். மெஷின் இருந்தாலும் சூட்டால் இறுக்கிய அலுமினியம் பீடு பட்ட இடத்தில் பலத்தை இழந்துவிடும். உடைந்திருந்தால் புது ஸ்விங் ஆர்ம் வாங்குங்கள்.