லா ஸ்கூல் சிபாரிசுக் கடிதம்: கோத்தகிரி தம்பிக்கு

தம்பி, அமெரிக்க லா ஸ்கூலுக்கு சிபாரிசு லெட்டர் கேட்டதுக்கு உங்க காலேஜ் ஹெச்ஓடி "நீயே எழுதிட்டு வா, கையெழுத்து போடறேன்"னு சொல்லிட்டாரு, பேசாம எம்எல்ஏகிட்ட வாங்கிடலாமான்னு கேட்டிருந்தீங்க. ரெண்டும் வேண்டாம்ங்க. நீங்களே எழுதினா அது பொய் லெட்டர், மாட்டினா அட்மிஷனே போயிடும். எம்எல்ஏவுக்கு உங்கள தெரியவே தெரியாது, அமெரிக்க லா ஸ்கூல்காரங்க பாக்கறது நீங்க எப்படி படிப்பீங்க, எழுதுவீங்க, யோசிப்பீங்கன்னுதான், அத கிளாஸ்ல பாத்தவங்கதான் சொல்ல முடியும். ரிட்டையர் ஆன இங்கிலீஷ் மேடம் கோத்தகிரிலயே இருக்காங்கன்னீங்கல்ல, அவங்கள நேர்ல போய் பாருங்க, மார்க்‌ஷீட், பழைய அசைன்மெண்ட், ஏன் லா படிக்கணும்னு ஒரு பக்கம் எல்லாம் குடுத்துட்டு "எனக்காக நல்லபடியா எழுத முடியுமா மேடம்"னு அப்படியே கேளுங்க, தயங்கினாங்கன்னா வற்புறுத்தாதீங்க.

லெட்டர் உங்க கைக்கு வராது. எல்எஸ்ஏசி (அமெரிக்க லா ஸ்கூல்களுக்கு அப்ளிகேஷன், லெட்டர் எல்லாம் சேத்து அனுப்பற அமைப்பு) அக்கவுண்ட்ல அவங்க மெயில் ஐடி போட்டா லிங்க் அவங்களுக்கே போயிடும், ஸ்பேம்லயும் பாக்கச் சொல்லுங்க. லெட்டர பாக்கற உரிமைய விட்டுக்குடுக்கறீங்களான்னு கேக்கும், ஆமான்னு போடுங்க, அப்பதான் மனசுல பட்டத எழுதியிருக்காங்கன்னு படிக்கறவங்க நம்புவாங்க. எந்த லெட்டர் எந்த ஸ்கூலுக்குன்னு நீங்கதான் அசைன் பண்ணணும், எங்க அக்கா பையன் அத மறந்து ரெண்டு வாரம் வீணாக்கினான்.

ஐப்பசி மழை பிடிச்சா குன்னூர், கோத்தகிரி பக்கம் மரம் விழுந்து கரண்ட், நெட் ரெண்டும் போயிடும்ல, அதனால மேடம ஆகஸ்ட்லயே போய் பாத்துடுங்க.