எத்தனை இலை விழுந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சிக்கு என் தங்கை மகன் போயிருந்தான். 15 லட்சம் பேர் வந்ததாகச் செய்தி. அமெரிக்காவில் ஆஷ்கோஷ் என்ற ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் விமானத் திருவிழாவுக்கு அதே 2024இல் ஏழு நாளும் சேர்த்தே 6 லட்சத்து 86 ஆயிரம்தானாம். "ஒரே நாளில அவங்களைப் போல ரெண்டு மடங்கு மாமா" என்று குதிக்கிறான். டிக்கெட்டே இல்லாத கடற்கரையில் 15 லட்சம் தலையை யார் எண்ணியது என்று கேட்டால் கோபம் வருகிறது அவனுக்கு. பந்தயம் கட்டியிருக்கிறோம். தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறது. நாளைக்கு அங்கே இப்படி ஒன்று நடந்தால் எண்ணத் தெரிய வேண்டாமா?

தங்கள் வாசகர்,
கானாடுகாத்தான்

அன்புள்ள நண்பருக்கு,

தீர்ப்புக்கு முன்னால் என் தாய்மாமாவைப் பற்றிக் கொஞ்சம். செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணங்களில் சமையல்காரர்களோடு போய்க் கணக்குப் பார்த்தவர் அவர். பந்திக்கு எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை இலை என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு பந்தி எழுந்ததும் இடது சட்டைப்பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வலது பையில் போட்டுக்கொள்வார். சுவரில் கரிக்கோடு போட்டால் என்ன என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "முட்டைப்பூச்சுச் சுவருடா, ஆச்சி கையை ஒடிச்சிரும்" என்றார். கடைசிப் பந்தி முடிந்ததும் கொட்டையை எண்ணி, மிஞ்சிய இலைக்கட்டைக் கழித்துப் பார்த்து, "ஆயிரத்து நூத்திச் சொச்சம் இலை" என்பார். முகப்பில் மொய் எழுதுகிறவர் நோட்டிலோ முந்நூறு பெயர்தான் இருக்கும். பெண் வீட்டார் "ரெண்டாயிரம் பேர் வந்தாங்க" என்பார்கள்.

மூன்று பேர் சொல்வதிலும் பொய் இல்லை. மாமா எண்ணியது வயிற்றை. மொய் நோட்டு எண்ணியது குடும்பத்தை. பெண் வீட்டார் எண்ணவேயில்லை, கண்ணால் பார்த்தார்கள், பூரித்தார்கள், அவ்வளவுதான். நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயிரம் புள்ளி என்றால் ஆயிரம் தலை என்று நம் பக்கத்தில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விமானக் கண்காட்சி என்றதும் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

ஆஷ்கோஷ் கணக்கு மொய் நோட்டு மாதிரி. வேலி உண்டு, வாசல் உண்டு, கையில் பட்டை கட்டித்தான் உள்ளே விடுவார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் சுமார் 66,000 பேர் வாழ்கிற சின்ன ஊர் அது. அந்த ஒரு வாரத்தில் அங்கேயும் சுற்றுவட்டார ஓடுதளங்களிலும் 10,000த்துக்கும் மேல் விமானங்கள் வந்து இறங்குகின்றன. ஏழு நாளுக்குப் பங்கு போட்டால் நாளைக்குச் சராசரி 98,000. ஆனால் இங்கேயும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கூடாரம் போட்டு ஏழு நாளும் தங்குகிறவர் அந்தத் தொகைக்குள் ஒரு தடவை இருக்கிறாரா, ஏழு தடவையா? பல நாள் நடக்கிற எந்த நிகழ்ச்சிக்கும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். அப்புறம் கடைக்காரர், தொண்டர், விமானி எல்லாம் சேர்த்தியா என்று கேட்கலாம். சில இடங்களில் ஆளை எண்ணுவதே கிடையாது. நிறுத்துமிடத்தில் நிற்கிற கார்களை எண்ணி, காருக்கு இத்தனை பேர் என்று பெருக்குவதோடு சரி. அந்த 'இத்தனை'யில் அரை ஆளைக் கூட்டினால் மொத்தத்தில் பல ஆயிரம் ஏறிவிடும்.

இங்கிலாந்தில் ஃபேர்ஃபோர்டில் நடக்கிற கண்காட்சிக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கியாக வேண்டும். ஆனால் வேலிக்கு வெளியே வயலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். வானத்துக்கு வேலி போட முடியாதே.

மெரினா வேறு ஜாதி. அது சிறாவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டல் மாதிரி: நாலு பக்கமும் திறப்பு, சீட்டு கிடையாது. சிகாகோ ஏரிக்கரையில் நடக்கிற இலவச நிகழ்ச்சியும் அப்படித்தான். இரண்டு நாளில் 20 லட்சம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி இடங்களில் ஆளை எண்ண முடியாது, தரையைத்தான் அளக்க முடியும். அதற்கு வழி சொன்னவர் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர். 1960களில் மாணவர் போராட்டங்களைத் தன் அறைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சதுக்கத்தின் தரை கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு கட்டத்தில் எத்தனை பேர், மொத்தம் எத்தனை கட்டம், அவ்வளவுதான் கணக்கு. தாராளமாக நின்றால் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமாக நின்றால் 4.5, மூச்சு முட்டினால் 2.5 என்று ஒரு அளவும் கொடுத்தார்.

சரி, மெரினாவுக்குப் போட்டுப் பார்ப்போம். கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை சுமார் 3 கிலோமீட்டர். மணலின் அகலம் சராசரி 300 மீட்டர் என்று வைத்தால் 9 லட்சம் சதுர மீட்டர். தாராளமாக நின்றால் ஏறக்குறைய 9.7 லட்சம் பேர் பிடிக்கும். 15 லட்சம் என்றால் ஆளுக்கு ஆறரைச் சதுர அடி, அதாவது இரண்டரை அடிக்கு இரண்டரை அடிச் சதுரம். அலை தொடும் இடத்திலிருந்து சாலை வரை ஒரு சதுரம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. நிகழ்ச்சி காலை 11 மணிக்கு, உச்சி வெயில். ஒருவர் குடை விரித்தால் மூன்றடி போய்விடும். இதெல்லாம் குறைக்கிற பக்கம். சாலை, பாலம், மொட்டை மாடி, இறங்கவே முடியாமல் ரயில் நிலையத்தில் நின்றவர்கள் எல்லாம் கூட்டுகிற பக்கம். அதனால் 15 லட்சம் நடக்கவே முடியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எண்ணிச் சொன்னது என்றும் சொல்ல முடியவில்லை. கவனித்தீர்களா, 15 லட்சம் என்பது நிகழ்ச்சிக்கு முன்பே எதிர்பார்ப்பாகச் சொல்லப்பட்ட எண். லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பிடிக்கிற நோக்கமும் இருந்தது. சமைப்பதற்கு முன் போட்ட இலைக்கணக்கைச் சாப்பிட்ட கணக்காக எழுதினால் என் மாமா விடமாட்டார்.

எண்ணத் துணிந்தவர்களுக்கும் நிம்மதி கிடையாது. 1995இல் வாஷிங்டனில் நடந்த கறுப்பின ஆண்களின் பேரணிக்கு 4 லட்சம் பேர் வந்தார்கள் என்றது அங்கத்திய பூங்காத் துறை. ஏற்பாட்டாளர்கள் வழக்குப் போடுவோம் என்றார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் வான்படங்களை வைத்து 8 லட்சத்து 37 ஆயிரம் என்றார்கள், அதிலும் 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்றார்கள். அதன் பிறகு பூங்காத் துறை கூட்டத்தை எண்ணுவதையே விட்டுவிட்டது.

மாமாவுக்கு மொத்த இலையை விட முக்கியமான எண் ஒன்று இருந்தது: ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்காருவார்கள். சோறு வடிப்பதும் தண்ணீர் வைப்பதும் அதை வைத்துத்தான். மெரினாவில் மதியம் 1 மணிக்கு வேடிக்கை முடிந்ததும் எல்லோரும் ஒரே பந்தியாக எழுந்தார்கள். அன்றைக்கு வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் செத்துப்போனார்கள். 15 லட்சமா 10 லட்சமா என்பதைவிட, அந்த ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ரயில், எத்தனை தண்ணீர்த் தொட்டி என்று யார் கணக்குப் போட்டார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

பந்தயத்தில் உங்கள் மருமகனும் ஜெயிக்கவில்லை, நீங்களும் ஜெயிக்கவில்லை. அவன் ஒருநாள் பந்தியையும் ஏழுநாள் மொய் நோட்டையும் ஒப்பிடுகிறான். நீங்கள் டிக்கெட் இல்லையென்றால் கணக்கே இல்லை என்கிறீர்கள். உங்கள் ஊர் ஓடுதளத்தில் நடக்கிற அன்றைக்கு மோர்ப்பந்தல்காரரிடம் எத்தனை டம்ளர் போனது என்று கேட்டு வையுங்கள், பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் மருமகனிடம் எனக்காக ஒன்று விசாரியுங்கள்: 1 மணிக்கு மணலை விட்டுக் கிளம்பினவன் எத்தனை மணிக்கு ரயிலில் கால் வைத்தான்?