புகைப்படங்களை நேரில் போய்ப் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர்களின் படங்கள் எல்லாம் இணையத்திலும் புத்தகங்களிலும் கிடைக்கின்றனவே. பிறகு ஏன் அருங்காட்சியகத்தில் வரிசையில் நின்று பார்க்க வேண்டும்?

நானும் ஒரு காலத்தில் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் கிடைத்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

2014 ஏப்ரலில் சில நாட்கள் பாரிசில் இருந்தேன். அங்கே நவீனக் கலை அருங்காட்சியகமான பொம்பிடூ மையத்தில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோனின் வாழ்நாள் படைப்புகளைத் திரட்டி ஒரு பெரிய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அவர் மறைந்து பத்து ஆண்டுகள் ஆவதை ஒட்டி வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை நடந்தது. புகைப்படங்கள், ஓவியங்கள், திரைப்படத் துண்டுகள், பத்திரிகைப் பக்கங்கள், கடிதங்கள் என்று எல்லாம் சேர்த்து 500 இருக்கும். அவருடைய முக்கியமான படங்கள் எனக்கு ஏற்கனவே மனப்பாடம். எந்தப் படத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அதனாலேயே, புதிதாகப் பார்க்க என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம் உள்ளே இருந்தது.

உள்ளே போனதும் முதலில் பட்டது படங்களின் அளவுதான். இவ்வளவு சிறியதா! புத்தகத்தில் இரண்டு பக்கத்தை நிறைத்துக்கொண்டு கிடந்த படம், சுவரில் நோட்டுப் புத்தக அளவுகூட இல்லாமல் தொங்கியது. கண்காட்சியை அமைத்த கிளெமான் ஷெரூ, முடிந்தவரை அந்தந்தக் காலத்திலேயே போட்ட பிரின்ட்களைத் தேடி எடுத்து வைத்திருந்தார். சுவருக்காகப் பிற்பாடு பெரிதாகப் போட்டவை அல்ல. 1930களில் ஒரு பத்திரிகை ஆசிரியரின் மேசைக்கோ ஒரு நண்பரின் கைக்கோ போவதற்காகப் போட்ட பிரின்ட்கள். கையில் வைத்துப் பார்க்கத்தான் அந்த அளவு.

நிறமும் நான் நினைத்திருந்தது அல்ல. கறுப்பு வெள்ளை என்றாலே நமக்கு அடர்ந்த கறுப்பும் பளீரென்ற வெள்ளையும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பழைய பிரின்ட்களில் கறுப்பே குறைவு. சாம்பலும் லேசான பழுப்பும் கலந்து மிருதுவாக இருந்தன. தாளில் பளபளப்பு இல்லை. ஓரம் கொஞ்சம் மங்கியிருந்தது, சிலவற்றில் மூலை மடிந்த தடம்கூடத் தெரிந்தது. திரையில் நாம் பார்ப்பது படத்தின் உருவத்தை மட்டும்தான். இங்கே இருந்தது எண்பது வருடம் பலர் கை மாறி வந்த ஒரு பொருள். இந்த வித்தியாசம் எனக்கு அதற்கு முன் உறைத்ததே இல்லை.

இன்னொன்று, அறைகளில் வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும். பழைய புகைப்படத் தாள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால் அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் விளக்கு வைக்கின்றன. கண் பழகச் சில நிமிடம் ஆகும். அவசரப்பட்டு முதல் அறையைத் தாண்டிவிடாதீர்கள்.

சரி, ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1932, பாரிசின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்தது. தேங்கிய மழைநீரைத் தாண்டி ஒருவர் குதிக்கிறார். அவர் குதிகால் தண்ணீரைத் தொட ஒரு மயிரிழை பாக்கி. இதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிட்டே போய்ப் பார்த்தால், அவர் கிளம்பிய ஏணி தண்ணீரில் படுத்துக் கிடக்கிறது. அதிலிருந்து எழுந்த சிற்றலை இன்னும் அடங்கவில்லை. முன்னால் உடைந்த வளையங்கள் கிடக்கின்றன, அலையும் அவற்றைப் போலவே வட்டம் வட்டமாக. பின்சுவரில் ஒரு போஸ்டர். அதில் ஒரு நடனக்காரர் இவரைப் போலவே பாய்கிறார், ஆனால் எதிர்த்திசையில். குதிக்கிற ஆள் தெளிவாகவே இல்லை, அசைந்துபோய் ஒரு கரிய நிழலாகத்தான் இருக்கிறார். இதையெல்லாம் திரையில் பெரிதாக்கியும் பார்க்கலாம், உண்மைதான். ஆனால் அப்போது ஒவ்வொன்றாகத்தான் தெரியும். அந்தச் சின்னத் தாளில் எல்லாம் ஒரே பார்வையில் அடங்குகின்றன. அங்கே நிற்கும்போதுதான் அந்தக் கட்டமைப்பு எவ்வளவு இறுக்கமானது என்று புரிந்தது.

இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. பலகை வேலியின் இடுக்கில் லென்ஸை நுழைத்து எடுத்தது இது. இடது பக்கம் பலகை மறைத்துவிட்டதால் அந்தப் பகுதியை வெட்ட வேண்டியதாகிவிட்டது. தன் படங்களை யாரும் கிராப் செய்யக் கூடாது, அதாவது ஓரங்களை வெட்டக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பிடிவாதமாக இருந்தவருடைய மிகப் புகழ்பெற்ற படம், அவர் கிராப் செய்த மிகச் சில படங்களில் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன் அவர் தன் நெகட்டிவ்களில் வேண்டியவற்றை மட்டும் கத்தரித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். அதில் பிழைத்து வந்தது இது. முன்னும் பின்னும் என்னென்ன எடுத்தார் என்று பார்க்க இன்று வழியே இல்லை.

அடுத்ததாக நான் சொல்ல நினைப்பதுதான் எனக்கு மிக முக்கியம். ஒரு ஆளின் நாற்பது, ஐம்பது வருட உழைப்பைக் கால வரிசையில் ஒரே நாளில் நடந்து பார்க்கும்போது, அவரைப் பற்றி நாம் வைத்திருந்த ஒற்றைச் சித்திரம் உடைந்துபோகிறது. பிரெஸ்ஸோன் என்றாலே ‘தீர்மானமான தருணம்’ என்பார்கள். 1952இல் வந்த அவர் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்புக்கு வைத்த தலைப்பு அது. பிரெஞ்சுத் தலைப்பு அதைச் சொல்லவே இல்லை; அவசர அவசரமாக, யார் கண்ணிலும் படாமல் எடுத்த படங்கள் என்பதுபோல அதற்குப் பொருள். கண்காட்சியில் நடந்து போகப் போக, அந்த ஆங்கிலச் சொல் அவருடைய வேலையில் ஒரு பகுதிக்குத்தான் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றியது. தொடக்கத்தில் அவர் ஆந்த்ரே லோத்திடம் ஓவியம் பயின்ற இளைஞர், கனவையும் ஆழ்மனதையும் கலையாக்க முயன்ற சர்ரியலிஸ்டுகளின் சகவாசம். துணி போர்த்திய பொருட்கள், கண்மூடிக் கிடக்கும் மனிதர்கள் என்று கனவு போன்ற படங்கள். அடுத்த அறைகளில் ஆளே வேறு. இடதுசாரி நாளிதழுக்கு வேலை செய்கிறார், ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பற்றி ஆவணப்படம் எடுக்கிறார், திரைப்பட இயக்குநர் ழான் ரெனுவாரிடம் உதவி இயக்குநராக இருக்கிறார்.

1937 மே 12, லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. அதற்கு அனுப்பப்பட்டவர் மன்னருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தை எடுத்திருக்கிறார். டிரஃபால்கர் சதுக்கத்தில் மேலே வரிசையாக மக்கள் ஊர்வலத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, கீழே செய்தித்தாள் குவியலில் ஒருவர் அசந்து தூங்குகிறார். அந்தப் படத்தின் முன் வெகு நேரம் நின்றேன். எங்கே நிற்பது, யாரைப் பார்ப்பது என்று ஒரு மனிதர் முடிவெடுத்தது அதில் தெரிகிறது. அந்த முடிவுக்கு முந்தைய வருடங்களின் படங்களைப் பார்த்துவிட்டு வந்து நின்றதால்தான் அது தெரிந்தது. தனிப்படமாக இணையத்தில் பார்த்தபோது நல்ல படம் என்று நினைத்ததோடு சரி.

அப்புறம் போர். 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறையில் இருந்தார். இரண்டு முறை தப்ப முயன்று மாட்டிக்கொண்டு மூன்றாம் முறை தப்பினார். அவர் இறந்துவிட்டார் என்று எண்ணி நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அஞ்சலியாக ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கியிருந்தது. உயிரோடு இருப்பவர் தானே போய் அதற்கான படங்களைத் தேர்ந்தெடுத்தார். 1947இல் அது நடந்தது. அதே வருடம்தான் போர்ப் புகைப்படக் கலைஞர் ராபர்ட் காபா முதலியவர்களோடு சேர்ந்து, புகைப்படக் கலைஞர்களே நடத்தும் மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கினார்.

உடனே இந்தியாவுக்கு வந்தார். 1948 ஜனவரி 30 அன்று, சுடப்படுவதற்குச் சற்று முன் காந்தியைச் சந்தித்து அந்த நியூயார்க் கண்காட்சியின் புத்தகத்தைக் காட்டியிருக்கிறார். பிறகு பிர்லா மாளிகை வாசலில் நேரு மரணச் செய்தியைச் சொல்லும் படம். இருட்டு, ஒரு விளக்கின் வெளிச்சம், அசைந்துபோன உருவங்கள். படக்கலையின் கணக்கில் பார்த்தால் அதில் எதுவும் சரியில்லை. எனக்கு அந்த அறையிலேயே மிக உயர்ந்த படம் அதுதான். இடையில் நம் வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் இவர் திருவண்ணாமலையில் இருந்தார். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரையும் படம் எடுத்தார். அந்தப் படங்களை நம் வீடுகளில் பூஜை அறையில் பார்த்திருப்போம், எடுத்தவர் யார் என்று தெரியாமலே.

1950களுக்குப் பிந்தைய பத்திரிகை வேலைகள் பெரிய அறைகளில் நிறைய இருந்தன. அங்கே கொஞ்சம் வேகமாகவே நடந்தேன். எல்லாமே நேர்த்தி, ஆனால் 1932-லிருந்து 1934 வரை அவர் எடுத்தவற்றில் இருந்த திகைப்பு அவற்றில் எனக்குக் கிடைக்கவில்லை. கடைசி அறையில் கோட்டோவியங்கள். 1970களின் தொடக்கத்தில் அவர் கேமராவைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்துவிட்டு வரையத் திரும்பிவிட்டார். மக்கள் அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உலகமே கொண்டாடிய ஒன்றை விட்டுவிட்டு, முதல் காதலான பென்சிலிடம் திரும்பிய ஒருவருடைய கோடுகள் அவை.

இப்படி ஒரு கண்காட்சி உங்களுக்கு எட்டும் தூரத்தில் வந்தால், மூடுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே போங்கள். முதல் சுற்றில் எதையும் படிக்காமல் கடைசி அறை வரை நடந்துவிடுங்கள். பிறகு மனசு பிடித்து இழுத்த பத்துப் படங்களுக்கு மட்டும் திரும்பி வாருங்கள். போனில் படம் எடுக்காதீர்கள், உங்களுக்குத் தெரிந்த படம்தான் மறுபடியும் போனுக்குள் வரும். பொம்பிடூ 2025 முதல் புதுப்பிப்புக்காக மூடியிருக்கிறது. பாரிஸ் போகிறவர்கள் கார்த்தியே பிரெஸ்ஸோன் அறக்கட்டளையின் காட்சிக்கூடத்தைப் பாருங்கள், ஆர்ஷிவ் தெருவில் இருக்கிறது.

நான் மாலையில் சான் லசார் படத்துக்குத் திரும்பி வந்தேன். மதியம் அதன் முன் மூன்று வரிசை ஆட்கள். தோள்களுக்கு இடையில்தான் பார்க்க முடிந்தது. இப்போது காவலர்கள் மூடும் நேரத்தைச் சொல்லிக்கொண்டு வர, கூட்டம் வாசல் பக்கம் நகர்ந்துவிட்டது. கண்ணாடியில் என் மூச்சு படும் அளவுக்கு நெருங்கி நின்றேன். குதிப்பவருக்குப் பின்னால், தூரத்தில், கம்பி வேலியோரம் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். இருபது வருடமாக இந்தப் படத்தைப் பார்த்துவருகிறேன், அவரை அன்றுதான் பார்த்தேன்.