வலையில் கிடைத்த கறுப்புக் கல்: லேசர் டெஸ்டுக்கு முன்பணம் கட்டலாமா?

வாலிநோக்கம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: வலையில் கனமான கறுப்புக் கல் ஒன்று ஏறியது, காந்தம் ஒட்டுகிறது, இது விண்கல், உள்ளே இரிடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் இருக்கிறது, லேசர் டெஸ்ட் எடுத்தால் கோடிக்குப் போகும் என்று ஒரு புரோக்கர் 15,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

லேசர் டெஸ்ட் என்று ஒன்று இருப்பது உண்மைதான். 1928-ல் சர் சி.வி. ராமன் கண்டுபிடித்த விளைவை வைத்துச் செய்வது அது. கல்லில் லேசர் பட்டுச் சிதறும் ஒளியில் துளி நிறம் மாறியிருக்கும், எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த மாற்றம் வேறுபடும். அந்த மாற்றத்தை வரைபடமாக எடுத்தால், குவார்ட்ஸ் என்ற கனிமத்துக்கு ஓர் இடத்தில் பெரிய முகடு, ஆலிவின் என்ற கனிமத்துக்கு வேறோர் இடத்தில் ஒட்டிப் பிறந்த இரட்டை முகடு. செவ்வாயில் ஓடும் பெர்சவரன்ஸ் ஊர்தியிலும் இந்தக் கருவி உண்டு. அது அனுப்பும் வரைபடத்தை இங்கே ஆய்வகத்தில் தெரிந்த கனிமங்களை வைத்து எடுத்ததோடு ஒப்பிட்டுத்தான் படிக்கிறார்கள்.

ஆனால் இந்த டெஸ்ட் கனிமத்தின் பெயரைச் சொல்லும், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. விண்கல்லில் உள்ள ஆலிவின் நம் எரிமலைப் பாறையிலும் இருக்கிறது. இரிடியமோ, சாதாரண விண்கல்லில் டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது, அந்த அளவை இந்த லேசர் பார்க்கவே முடியாது. ஆகவே 'லேசரில் இரிடியம் தெரிந்தது' என்று யாராவது தாள் நீட்டினால் அது போலி. அரிசி இழுக்கும் கலசம் என்று சொல்லி வீடு நிலம் விற்க வைத்தார்களே, அதே வித்தைதான் இப்போது கல்லுக்கு வந்திருக்கிறது.

காந்தம் ஒட்டுவதை நம்பாதீர்கள். பழைய கப்பல்களை உடைத்த கரை உங்களுடையது. துரு ஏறிய இரும்பும் உலைக்கசடும் ஒட்டத்தான் செய்யும். கல்லில் குமிழி ஓட்டைகள் இருந்தால் கசடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓரத்தை அரத்தால் லேசாகத் தேயுங்கள், வெள்ளி நிறப் பொட்டுகள் மின்னினால் மேலே யோசிக்கலாம். அப்புறம் ஒன்று, ஒட்டாத கல்லெல்லாம் விண்கல் இல்லை என்றும் முடிவுகட்டாதீர்கள்: நிலாவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் தெறித்து வந்தவற்றில் உலோக இரும்பு மிகக் குறைவு, காந்தம் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. உங்கள் கல்லுக்கு இது பொருந்தாது, அதுதான் ஒட்டுகிறதே; ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒட்டாத கல்லைத் தூக்கி எறிவதற்கு முன் இதைச் சொல்லுங்கள்.

நாட்டில் விழும் விண்கற்களுக்குப் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம். படம், எடை, கிடைத்த இடம் எல்லாம் எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள். மாவட்டத்துக்கு ஒரு ஜன்னல் திறந்து 'கல்லைக் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறோம்' என்று ஓர் ஆளை உட்காரவைக்க இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை, பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போனால் துறைத்தலைவர் கடிதம் கேட்கிறார்கள், அந்த இடைவெளியில்தான் புரோக்கர் பிழைக்கிறார். பதில் வரும் வரை கல்லைத் துடைத்துக் காயவைத்து டப்பாவில் மூடி வையுங்கள், 'காட்டிவிட்டுத் தருகிறேன்' என்று கேட்டாலும் புரோக்கர் கையில் கொடுத்தனுப்பாதீர்கள்.