கேமரா போட்நெட்டில் சிக்கியதா? ஆட்டோஎன்கோடரை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்கள் அபார்ட்மென்டில் 24 ஐபி கேமராக்களும் ஒரு என்.வி.ஆரும் (வீடியோவைப் பதிவுசெய்யும் பெட்டி) உள்ளன. கேமரா ஏதாவது போட்நெட்டில் (ஹேக்கர் தூரத்திலிருந்து ஆட்டிவைக்கும் சாதனக் கூட்டத்தில்) சேர்ந்துவிட்டால் நியூரல் நெட்வொர்க் மூலம் கண்டுபிடிக்க முடியுமா? மேனேஜ்டு சுவிட்சும் பழைய கம்ப்யூட்டரும் இருக்கின்றன.

பதில்: முடியும். ஆனால் முதலில் ரவுட்டரில், கேமராக்களிலிருந்து 23, 2323 போர்ட்டுகளுக்கு (இணைப்புக்கான எண் வாசல்கள், சுவிட்சின் செருகுவாய் அல்ல) வெளியே போகும் இணைப்புகளை அடைத்துவிடுங்கள். 2016இல் பரவிய மிராய் என்ற போட்நெட் நிரல், சிக்கிய கேமராவிலிருந்து கண்ட கண்ட ஐபி முகவரிகளுக்கெல்லாம் இந்த டெல்நெட் (தூரத்திலிருந்து லாகின் செய்யும் பழைய வழி) போர்ட்டுகளில் கதவு தட்டியது. அதைப் பிடிக்க நியூரல் நெட்வொர்க் எதற்கு? சத்தமில்லாமல் வேலை செய்பவற்றுக்குத்தான் அது வேண்டும்.

கேமராவின் அன்றாடம் மிகச் சிறியது. என்.வி.ஆருக்கு வீடியோ அனுப்பும், இப்போது நேரம் என்ன என்று கேட்கும், டிஎன்எஸ்ஸிடம் இணையப் பெயருக்கு ஐபி முகவரி கேட்கும், கம்பெனி கிளவுடைத் தொடும். இந்த இயல்பை மட்டும் ஆட்டோஎன்கோடர் என்ற நியூரல் நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்தால் போதும், தாக்குதல் மாதிரிகள் தேவையில்லை. டிராஃபிக்கை அளந்து வந்த எண்களைச் சுருக்கித் திரும்ப விரிக்கும்போது, பழகாத டிராஃபிக் என்றால் அதற்குப் பிசகும். பிசகு பெரிதானால் எச்சரிக்கை. 2018இல் வெளியான என்-பயாட் (N-BaIoT) என்ற ஆய்வு 9 சாதனங்களில், 115 அளவுகளை வைத்து, சாதனத்துக்கு ஒரு மாடலாக இதைத்தான் செய்தது.

உங்களுக்கு 10 அளவுகள் போதும். நிமிடத்துக்கு எத்தனை பாக்கெட், எத்தனை பைட், எத்தனை வெவ்வேறு ஐபி, எத்தனை வெவ்வேறு போர்ட், பதில் வராத இணைப்பு முயற்சிகள், டிஎன்எஸ் கேள்விகள் போன்றவை. நெட்வொர்க்கின் அடுக்குகளில் நியூரான்கள் 10-6-3-6-10. கேமராவுக்கு ஒரு மாடல்.

டிராஃபிக்கை சுவிட்சில் போர்ட் மிரரிங் (டிராஃபிக்கின் நகலை ஒரு செருகுவாய்க்கு அனுப்புவது) மூலம் பழைய கம்ப்யூட்டருக்கு எடுங்கள். ரவுட்டருக்கு வெளியே எடுத்தால் எல்லாக் கேமராவும் ஒரே ஐபியாகத்தான் தெரியும். கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் 24க்கு 96. எனவே 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் பாக்கெட்டுகள் உதிரும், கிகாபிட் போர்ட்டே வேண்டும்.

பதிவு தொடங்கும் முன் கேமராக்களை அணைத்துப் போட்டு, பாஸ்வேர்டையும் ஃபர்ம்வேரையும் (கேமராவின் உள் மென்பொருள்) மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் நோயையே ஆரோக்கியம் என்று மாடல் படித்துக்கொள்ளும். பிறகு 7 நாள் பதிவு. இரவில் இன்ஃப்ராரெட் எரிந்து படம் கறுப்பு வெள்ளையானதும் பைட் கணக்கு மாறும். கரன்ட் போய் வந்தால் எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் ஐபி கேட்கும், நேரம் என்ன என்று கேட்கும். இவை பயிற்சியில் இல்லையென்றால் ஒவ்வொரு மின்தடைக்கும் அலாரம்தான். ஒருமுறை நீங்களே மெயினை அணைத்துப் போட்டுப் பதிவு செய்யுங்கள்.

எச்சரிக்கைக்கான பிசகு வரம்பை, பயிற்சியில் சேராத வேறு 2 நாள் பதிவில் நிர்ணயுங்கள். 24 கேமரா, ஒரு நாளுக்கு 1,440 நிமிடம் என்றால் 34,560 முடிவுகள். 0.1% பிசகினாலே தினம் 35 பொய் அலாரம், ஒரே வாரத்தில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 5 நிமிடத்தில் 3 நிமிடம் வரம்பு தாண்டினால் மட்டும் எச்சரிக்கச் செய்யுங்கள்.

அலாரம் உண்மை என்றால் அந்த சுவிட்ச் போர்ட்டை உடனே மூடுங்கள். மிராய் மெமரியில் மட்டுமே தங்கும், கேமராவை அணைத்தாலே போய்விடும். ஆனால் பழைய பாஸ்வேர்டோடு திரும்ப இணைத்தால் மறுபடி தொற்றிக்கொள்ளும். ஆகவே லேப்டாப்பை நேராகக் கேமராவில் செருகி, பாஸ்வேர்டை மாற்றி, டெல்நெட்டை அணைத்த பிறகே போர்ட்டைத் திறக்கவேண்டும். ஃபர்ம்வேர் மாறிய கேமராவின் மாடலுக்கு மட்டும் புதிதாகப் பயிற்சி கொடுங்கள்.