சி டிரைவில் உங்களுடையது எது?

கேள்வி: 256 ஜிகாபைட் என்று விற்ற மடிகணினி 238 தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? – பண்டாரவளை

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிகாபைட்டை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024இன் மடங்குகளில் எண்ணுகிறது.

கேள்வி: இடம் போதவில்லை. விண்டோஸ் கோப்புறைக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஒன்று பெரிதாக இருக்கிறது. அழிக்கலாமா? – தலவாக்கலை

பதில்: கூடாது. விண்டோஸைப் புதுப்பிப்பதற்கு வேண்டியவை அதற்குள்தான் உள்ளன. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குச் சென்று தற்காலிகக் கோப்புகளை மட்டும் அகற்றுங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸும் வரும், அதற்கு அடையாளமிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கணினி மெதுவாக இயங்கியதால் கடையில் கொடுத்தோம். 4,500 ரூபா வாங்கிக்கொண்டு ‘போர்மட்’ செய்து தந்தார்கள். மகளின் உயர்தரப் பாடக் குறிப்புகள் ஒன்றுமே இல்லை. கேட்டால், டெஸ்க்டொப்பில் வைத்தது எங்கள் பிழையாம். – ஹட்டன், ஒரு தாய்

பதில்: பிழை உங்களுடையதல்ல அம்மா. டெஸ்க்டொப்பில் நீங்கள் வைக்கின்ற ஒவ்வொரு கோப்பும், சி டிரைவிலுள்ள யூசர்ஸ் என்ற கோப்புறையில் உங்கள் பெயருக்குக் கீழேதான் இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டியவர், கூலி வாங்கிய திருத்துநரே. விண்டோஸ் கோப்புறை பணிசெயல் முறைமைக்குரியது. புரோகிராம் பைல்ஸ் நிறுவிய மென்பொருள்களுக்குரியது. இரண்டையும் மறுபடி நிறுவிக்கொள்ளலாம், யூசர்ஸை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் ஒரே குளிசை கொடுப்பதுபோல எந்தக் குறைக்கும் ‘போர்மட்’ என்கிற இந்தப் பழக்கத்தை நான் பல ஆண்டுகளாக நம் மலையக நகரங்களில் பார்த்து வருகிறேன். அரை மணி நேர வேலை என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் கிடையாது.

சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். டிரைவை அழிக்காமல் மேலேயே நிறுவியிருந்தால், பழைய யூசர்ஸ் அதற்குள் இருக்கும். பெரும்பாலும் பத்து நாளில் அது தானாக அழிந்துவிடும் என்பதால் உடனே பென்டிரைவில் பிரதியெடுங்கள். இல்லையென்றால் கணினியை நிறுத்திவிடுங்கள். புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் பழையதன் மேல் விழுந்து, அதை மீட்க முடியாமல் செய்துவிடக்கூடும். பற்றுச்சீட்டுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி இலக்கம் 1977. சேவைகளும் அந்த அதிகாரசபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்துக்குள் அடங்கும்.

கேள்வி: என்னுடையது 64 பிட் கணினி. சிஸ்டம்32 தேவையில்லை என்று ஒரு காணொளியில் சொன்னதை நம்பி அழித்தேன், இப்போது எழும்பவில்லை. உத்தரவாதத்தில் திருத்துவார்களா? – பதுளை

பதில்: மாட்டார்கள். 64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் இருப்பதே சிஸ்டம்32இல்தான்; 32 பிட் கோப்புகள் சிஸ்வவ்64இல் இருக்கின்றன. பெயர் குழப்பக்கூடியதுதான், ஆனால் அழிக்க அனுமதியில்லை என்று விண்டோஸ் தடுத்திருக்கும், அந்தத் தடையையும் நீங்களே நீக்கியிருப்பீர்கள். கண்டியில் 1,500 ரூபாவுக்கு நான் வாங்கிய ‘வேகமூட்டும்’ இறுவட்டு ஒருமுறை என் எழுத்துருக்களைத் துடைத்தெறிந்தது. நான் அதற்கு உத்தரவாதம் கேட்டுப் போகவில்லை. விண்டோஸை மறுபடி நிறுவக் கடைக்குப் போகும்போது, யூசர்ஸைப் பிரதியெடுத்த பின்னரே தொடுவோம் என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.