பயாஸ் அப்டேட்டுக்குப் பின் விண்டோஸ் மட்டும் முரண்டு பிடிக்கிறதா?

கேள்வி: அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஒரே எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11, உபுண்டு இரண்டும் உள்ளன. பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் இயங்கும் மதர்போர்டு மென்பொருள்) அப்டேட் செய்ததிலிருந்து உபுண்டு ஒழுங்காகத் திறக்கிறது. விண்டோஸ் மட்டும் 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது. ஃபார்மட் செய்யத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உபுண்டு திறக்கிறது என்றால் எஸ்எஸ்டி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அப்டேட்டின்போது பயாஸ் செட்டிங்குகள் பெரும்பாலும் டீஃபால்ட் நிலைக்குத் திரும்பிவிடும். பயாஸின் ஸ்டோரேஜ் பகுதியில் சாட்டா மோட் (டிஸ்க்குடன் கம்ப்யூட்டர் பேசும் முறை) ஏஎச்சிஐயா, ரெய்டா என்று பாருங்கள்; இன்டெல் போர்டில் விஎம்டி (எஸ்எஸ்டிகளை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) ஆனா, ஆஃபா என்றும் பாருங்கள். விண்டோஸ் நிறுவியபோது இருந்தபடியே மாற்றினால் போதும். எது இருந்தது என்று நினைவில்லையா? இப்போது இருப்பதற்கு நேர்மாறாக வைத்துப் பாருங்கள். உபுண்டுவின் மையமான லினக்ஸ் கெர்னல், எந்த மோட் இருந்தாலும் பொதுவாக அதற்கான டிரைவரைத் தேடி ஏற்றிக்கொள்ளும். விண்டோஸோ பூட் ஆகும்போது பழகிய டிரைவரை மட்டுமே ஏற்றும்.

பயாஸில் கை வைத்தபின் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதி) 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். அதை முதலில் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் ரெய்டிலோ விஎம்டியிலோ நிறுவப்பட்டிருந்து, ஏஎச்சிஐக்கே மாற விரும்பினால், விண்டோஸ் திறந்ததும் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் செட்டிங் கருவியில் பூட் டேபில் 'சேஃப் பூட்' டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸை மாற்றுங்கள். சேஃப் மோடில் திறந்ததும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

கிரப் மெனு (விண்டோஸா, உபுண்டுவா என்று கேட்கும் திரை) வருமுன்பே ரீஸ்டார்ட் ஆனால் அது ராம் பக்கத்துப் பிரச்சினையாக இருக்கலாம். பயாஸில் ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து பாருங்கள்.